பேஸ்பால் ஆஃப்சீசன்: யாரை வச்சுக்கறது, யாரை விடறது? அடிக்கடி கேக்கற கேள்விகள்

வேர்ல்ட் சீரிஸ் (சீசனோட ஃபைனல்) முடிஞ்சு பத்து நாள் கூட ஆகியிருக்காது, அதுக்குள்ள எல்லா டீம் ரசிகர்களும் புலம்ப ஆரம்பிச்சிடுவாங்க. நம்ம ஆளை ஏன் கழட்டி விட்டாங்க, அந்த உதவாக்கரையை எதுக்கு இன்னும் வச்சிருக்காங்க, யார்னே தெரியாத ஒரு பையனுக்கு எதுக்கு இடம் குடுத்தாங்கன்னு. மேஜர் லீக் பேஸ்பால் புதுசா பாக்கறவங்க நிறைய பேர் இதையே திரும்பத் திரும்ப கேக்கறதால எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வைக்கறேன்.

காண்ட்ராக்ட் இருக்கறவங்க இருப்பாங்க, முடிஞ்சவங்க போவாங்க. இதுல முடிவு பண்ண என்ன இருக்கு?

அவ்ளோ சுலபமா இருந்தா ஜெனரல் மேனேஜர்னு (ஜிஎம்) ஒருத்தருக்கு சம்பளம் குடுக்கவே வேணாம். மேட்ச் நடக்கும்போது கண்ணுல தெரியறது 26 பேர். அதுக்குப் பின்னாடி 40 பேர் லிஸ்ட் ஒண்ணு இருக்கு, உண்மையான சண்டை எல்லாம் அந்த 40 இடத்துக்குத்தான். அதுக்கும் வெளிய மைனர் லீக்ல பல லெவல்ல நூத்துக்கும் மேல பசங்க ஆடிட்டு இருப்பாங்க.

ஒரு பிளேயர் எந்த நிலையில இருக்கார்ங்கறது அவர் மேஜர் லீக்ல எத்தனை நாள் இருந்தார்ங்கறதை வச்சுத்தான். 172 நாள் இருந்தா ஒரு வருஷ சர்வீஸ். மூணு வருஷம் ஆகற வரைக்கும் பெரும்பாலும் குறைஞ்சபட்ச சம்பளத்தை ஒட்டித்தான் (2026க்கு 7,80,000 டாலர்), டீம் என்ன குடுக்குதோ வாங்கிக்க வேண்டியதுதான். மூணுலேர்ந்து ஆறு வருஷம் வரைக்கும் ஆர்பிட்ரேஷன், அதாவது ஆளு டீமோட சொத்துதான், ஆனா சம்பளம் வருஷா வருஷம் ஏறிட்டே போகும். ரெண்டு வருஷம் தாண்டினவங்கள்லயே சர்வீஸ் அதிகமா இருக்கற ஒரு 22 சதவீதம் பேருக்கு இது முன்னாடியே கிடைச்சிடும், அவங்களை சூப்பர் டூன்னு சொல்வாங்க. ஆறு வருஷம் முடிஞ்சா ஃப்ரீ ஏஜென்ட், எங்க வேணா போகலாம்.

அந்த 172 நாளை வச்சு டீம்கள் பண்ற தில்லாலங்கடி தனிக் கதை. 2015ல சிகாகோ கப்ஸ் கிரிஸ் பிரையன்ட்டை ஏப்ரல் 17ம் தேதிதான் மேல கொண்டு வந்தாங்க, அந்த வருஷம் அவருக்கு வந்தது 171 நாள். ஒரே ஒரு நாள் குறைச்சல், அதனால ஃப்ரீ ஏஜென்ட் ஆகறது முழுசா ஒரு வருஷம் தள்ளிப் போச்சு. அவர் புகார் குடுத்தும் 2020ல டீம் பக்கம்தான் தீர்ப்பு வந்துச்சு.

அப்போ இது ஐபிஎல் ரிடென்ஷன் மாதிரியா?

இல்ல. அங்க இத்தனை பேரை வச்சுக்கலாம், மிச்சம் எல்லாம் ஏலம்னு சுலபமா முடிஞ்சிடும். இங்க ஏலமே கிடையாது. நவம்பர்லேர்ந்து பிப்ரவரி வரைக்கும் ஒவ்வொரு கதவா சாத்திட்டே வருவாங்க, ஒவ்வொரு கதவுக்கும் வேற வேற சட்டம்.

எந்தெந்த தேதியை கவனிக்கணும்?

2025 ஆஃப்சீசனையே எடுத்துக்கலாம். வேர்ல்ட் சீரிஸ் நவம்பர் 1ம் தேதி முடிஞ்சுது. நவம்பர் 18க்குள்ள ரெண்டு வேலை (இந்தப் பேர்கள் எல்லாம் என்னன்னு கீழ தனித்தனியா வருது), குவாலிஃபையிங் ஆஃபர் வாங்கினவங்க சரியா இல்லையான்னு பதில் சொல்லணும், ரூல் 5 டிராஃப்ட்லேர்ந்து காப்பாத்த வேண்டிய பசங்களை 40 பேர் லிஸ்ட்ல ஏத்தணும். நவம்பர் 21 நான்-டெண்டர் கெடு. டிசம்பர் ரெண்டாவது வாரம் ஆர்லாண்டோல விண்டர் மீட்டிங்ஸ், அங்கயே ரூல் 5 டிராஃப்ட். ஜனவரில ஆர்பிட்ரேஷன் தொகையை ரெண்டு பக்கமும் சொல்லிக்கணும். வருஷத்துக்கு வருஷம் ரெண்டு மூணு நாள் முன்ன பின்ன ஆகும், வரிசை இதுதான். டிவில பெரிய காண்ட்ராக்ட் நியூஸா ஓடறது டிசம்பர்ல, ஆனா யார் இருக்கா யார் இல்லங்கறதுல பாதி அந்த நவம்பர் மூணாவது வாரத்துலயே முடிஞ்சு போயிருக்கும், யாரும் கவனிக்கறதே இல்ல.

40 இடம் நிறைய இருக்கே, எப்படி பத்தாம போகுது?

சும்மா ஒரு கணக்கு போட்டு பாருங்க. சீசன் முடிவுல 40 பேர். அதுல 5 பேர் ஃப்ரீ ஏஜென்ட்டா போறாங்க, 35. சீசன்ல பெரிய காயம் பட்டவங்களை 60 நாள் லிஸ்ட்டுக்கு மாத்தினா அவங்க இந்த 40க்குள்ள வரமாட்டாங்க, ஆனா அந்த வசதி வேர்ல்ட் சீரிஸ் முடிஞ்சு அஞ்சு நாளோட முடிஞ்சிடும், எல்லாரையும் திரும்ப உள்ள எடுக்கணும். அப்படி 4 பேர் திரும்பினா 39. மைனர் லீக்ல காப்பாத்தியே ஆகணும்னு 5 பசங்க இருக்காங்கன்னா 44. இன்னும் புதுசா ஒருத்தரையும் வாங்கல, அதுக்குள்ள 4 பேர் வெளிய போகணும்.

அதனாலதான் சொல்றேன், முதல் 30 இடத்தை யார் வேணா நிரப்பலாம், நீங்களும் நானும் கூட. ஒரு ஜிஎம் எப்படிப்பட்டவர்னு தெரியறது 36வது இடத்துலேர்ந்து 40வது இடம் வரைக்கும்தான். அங்க கேள்வி 'இவன் நல்லா ஆடுவானா'ங்கறது இல்லவே இல்ல. இவனை வச்சுக்கிட்டா யாருக்கு இடமில்லாம போகுதுங்கறதுதான்.

ரூல் 5 டிராஃப்ட்னா என்ன, ஏன் இதுக்கு இவ்ளோ பயம்?

நல்ல பசங்களை ஒரே டீம் மைனர் லீக்லயே வருஷக்கணக்கா அமுக்கி வச்சுக்கக் கூடாதுன்னு வந்த சட்டம். 18 வயசு இல்ல அதுக்கும் கீழ சைன் பண்ணின பையனுக்கு அஞ்சு சீசன், 19ம் அதுக்கு மேலயும்னா நாலு சீசன். அதுக்குள்ள 40 பேர் லிஸ்ட்ல ஏத்தலைன்னா வேற எந்த டீம் வேணா 1,00,000 டாலர் குடுத்து தூக்கிட்டுப் போகலாம். ஆனா எடுத்தவங்க அவனை அடுத்த சீசன் முழுக்க மேஜர் லீக் டீம்லயே வச்சிருக்கணும், முடியலைன்னா பழைய டீமுக்கு பாதி விலைக்கு திருப்பித் தரணும்.

இந்த நிபந்தனை இருக்கறதாலதான் எடுக்கற நிறைய பேர் தேற மாட்டாங்க. ஆனா தேறினா வயித்தெரிச்சல் சாதாரணமா இருக்காது. ரொபெர்டோ கிளெமென்டே இப்படித்தான் போனார், 1954ல புரூக்ளின் டாட்ஜர்ஸ் அவரை மான்ட்ரியல்ல மைனர் லீக்ல வச்சிருந்தாங்க, பிட்ஸ்பர்க் 4,000 டாலருக்கு தூக்கிட்டாங்க, அப்புறம் 3000 ஹிட். 1999ல ஹூஸ்டன் கோட்டை விட்ட யோஹன் சன்டானா மினசோட்டா போய் ரெண்டு சை யங் அவார்டு (வருஷத்தோட சிறந்த பிட்சருக்கு குடுக்கறது) வாங்கினார். கிட்டத்துல பாத்தா யாங்கீஸ், டாமி ஜான் ஆபரேஷன் (முழங்கைல பண்றது) முடிஞ்சு வந்த காரெட் விட்லாக்கை யார் எடுக்கப் போறாங்கன்னு லிஸ்ட்ல ஏத்தாம விட்டாங்க, எடுத்தது யாருன்னா ரெட் சாக்ஸ், வேற எந்த டீமா இருந்தாலும் யாங்கீஸ் ரசிகர்கள் மன்னிச்சிருப்பாங்க. 2021ல அவரோட ஈஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்கு சராசரியா குடுக்கற ரன், கம்மியா இருந்தா நல்லது) 1.96.

எந்த மாதிரி பசங்களை லிஸ்ட்ல ஏத்தணும், யாரை தைரியமா விடலாம்?

அடுத்த டீம் கண்ணோட்டத்துல யோசிக்கணும். வருஷம் முழுக்க 26 பேர்ல ஒருத்தரா ஒளிச்சு வைக்க முடியற ஆள்தான் போவான். புல்பென்ல, அதாவது மேட்ச் நடுவுல மாத்தி இறக்கற பிட்சர்கள் கூட்டத்துல, ஏழாவது எட்டாவது ஆளா ஒரு ரிலீவரை ஒளிக்கலாம், வேகமா போடறவனா இருந்தா இன்னும் சுலபம், அதனால ரெடியா இருக்கற பிட்சர்கள்தான் அதிகம் பறிபோவாங்க. ரெண்டாவது கேட்ச்சரா உக்கார வைக்கவும் முடியும். ஆனா இன்னும் கீழ் லெவல்ல அடிச்சிட்டு இருக்கற 20 வயசு அவுட்ஃபீல்டரை எடுத்து வருஷம் முழுக்க வச்சிருக்கறது கஷ்டம், தோத்துட்டே இருக்கற டீம்தான் அப்படி பண்ணும். அதனால திறமையில முதல்ல இருக்கற பையனை விட்டுட்டு சுமாரான ரிலீவரை லிஸ்ட்ல ஏத்தறாங்கன்னா அது முட்டாள்தனம் இல்ல, யார் திருடு போவான்னு பாத்து பண்றது.

தோத்துட்டே இருக்கற டீமை குறைச்சு எடை போட்டா என்ன ஆகும்னும் பாத்தாச்சு. 2016 டிசம்பர்ல கிளீவ்லாந்து விட்ட அன்டோனி சன்டாண்டரை பால்டிமோர் எடுத்து பொறுமையா வச்சிருந்து ஆளாக்கினாங்க, 2024ல 44 ஹோம் ரன்.

இடம் இல்லைன்னா ஆளை சும்மா விடறதை விட ட்ரேட் பண்ணிடலாமே?

கெட்டிக்கார டீம்கள் அதைத்தான் பண்றாங்க, அதுல டாம்பா பே ரேஸை மிஞ்ச ஆள் இல்ல. எனக்கு ரொம்ப பிடிச்ச உதாரணம் 2021 நவம்பர்ல நடந்தது. ரேஸ் கிட்ட டோபியாஸ் மையர்ஸ்னு ஒரு பிட்சர், அந்த நவம்பர்ல லிஸ்ட்ல ஏத்தியே ஆகணும், ஆனா இடம் இல்ல. கிளீவ்லாந்து அவரைக் கேட்டாங்க. ரேஸ் பதிலுக்கு மேல் லெவல் ஆள் யாரையும் கேக்கல, ஏன்னா அப்படி வாங்கினா அவனுக்கும் இடம் வேணும். டொமினிகன் சம்மர் லீக்ல, அதாவது ஏணியோட கடைசிப் படியில, ஆடிட்டு இருந்த ஒரு 18 வயசுப் பையனைக் கேட்டாங்க. அவனை லிஸ்ட்ல ஏத்த இன்னும் பல வருஷம் இருக்கு, ஒரு இடமும் அடைக்க மாட்டான். கிளீவ்லாந்தும் எங்கயோ இருக்கற சின்னப் பையன்தானேன்னு குடுத்துட்டாங்க.

அந்தப் பையன் ஹூனியர் கமினேரோ. 2023 செப்டம்பர்லயே 20 வயசுல மேஜர் லீக் வந்துட்டான், 2025ல 45 ஹோம் ரன். ஹோம் ரன் அடிக்க ஆளில்லாம வருஷா வருஷம் தவிக்கற டீம் எதுன்னா கிளீவ்லாந்துதான், சன்டாண்டர், கமினேரோ ரெண்டு பேருமே அங்கேர்ந்து போனவங்க. மையர்ஸ் 2022ல ட்ரிபிள் ஏல (மைனர் லீக்கோட உச்சப் படி) அடி வாங்கி அந்த வருஷமே கிளீவ்லாந்தை விட்டுப் போயிட்டார், அப்புறம் 2024ல மில்வாக்கிக்கு ஈஆர்ஏ 3.00ல நல்லாவே போட்டார், அதுவும் கிளீவ்லாந்துக்கு உதவல.

இதுல உச்சகட்ட கூத்து என்னன்னா, அந்த வருஷம் லாக்அவுட் (பிளேயர்களோட ஒப்பந்தம் முடிஞ்சதும் ஓனர்கள் எல்லா வேலையையும் நிறுத்தி வைக்கறது) வந்து ரூல் 5 டிராஃப்ட்டோட மேஜர் லீக் பகுதியே ரத்தாயிடுச்சு. நடக்காத ஒரு டிராஃப்ட்டுக்கு பயந்து போட்ட டீல் அது.

நான்-டெண்டர்னா என்ன?

ஆர்பிட்ரேஷன்ல இருக்கற பிளேயருக்கு அடுத்த வருஷ காண்ட்ராக்ட் குடுக்கறோம்னு நவம்பர் கெடுவுக்குள்ள டீம் சொல்லணும். சொல்லலைன்னா அவர் அன்னிக்கே ஃப்ரீ ஏஜென்ட், டீமுக்கு ஒண்ணும் கிடைக்காது. ஏன் விடறாங்கன்னா ஆர்பிட்ரேஷன்ல சம்பளம் கிட்டத்தட்ட ஏறிட்டே தான் போகும், மோசமா ஆடின வருஷத்துக்கு அப்புறம் கூட பெருசா இறங்காது. 'இவர் 8 மில்லியனுக்கு வொர்த்தா'ன்னு கேக்கக் கூடாது. 7,80,000 டாலருக்கு ட்ரிபிள் ஏலேர்ந்து வரப்போற ஆளை விட இவர் எவ்ளோ அதிகமா குடுப்பார், அந்த வித்தியாசத்துக்கு 7 மில்லியன் குடுக்கலாமான்னு கேக்கணும்.

கேள்வி சரிதான், ஆனா நிறைய டீம் பதிலை அவசரத்துல எழுதறாங்க. கெவின் காஸ்மனை பாருங்க. 2019ல அட்லாண்டாவுக்கு போட்டப்போ ஈஆர்ஏ 6.19, வேவர்ல (வேணும்ங்கற டீம் எடுத்துக்கலாம்னு விடறது) விட்டாங்க, சின்சினாட்டி எடுத்து ரிலீவரா போட வச்சாங்க, டிசம்பர்ல 10 மில்லியன் ஆகுமேன்னு அவங்களும் கழட்டி விட்டாங்க. ஆனா சின்சினாட்டில போட்ட அந்தக் கொஞ்ச இன்னிங்ஸ்ல ஸ்ட்ரைக்கவுட் எக்கச்சக்கமா வந்துச்சு, ஸ்ப்ளிட்டர் (திடீர்னு கீழ இறங்கற பந்து) அப்படியே தரையில விழுந்துச்சு, பாக்கத் தெரிஞ்சவங்களுக்கு அது போதும். சான் ஃப்ரான்சிஸ்கோ 9 மில்லியனுக்கு எடுத்தாங்க. 2021ல ஈஆர்ஏ 2.81, அதுக்கப்புறம் டொராண்டோ அஞ்சு வருஷத்துக்கு 110 மில்லியன். ஒரு மில்லியன் ரெண்டு மில்லியன் மிச்சம் பிடிக்கப் போய் இப்படி ஒரு ஸ்டார்ட்டரை இழக்கறது என்னைக் கேட்டா தண்டத்துக்கு சிக்கனம்.

போன சீசன் நல்லா ஆடலைன்னா விடறதுல என்ன தப்பு?

எந்த நம்பரைப் பாத்து 'நல்லா ஆடல'ன்னு சொல்றீங்கங்கறதைப் பொறுத்தது. கைல் ஷ்வார்பர் 2020ல .188 பேட்டிங் ஆவரேஜ்தான் அடிச்சார். கொரோனா வருஷம், மொத்தமே 60 மேட்ச், ஸ்டேடியத்துல ஆளில்ல, ஓனர்கள் எல்லாம் பணம் இல்லன்னு கையைப் பிசைஞ்சிட்டு இருந்தாங்க, கப்ஸ் நான்-டெண்டர் பண்ணிட்டாங்க. ஆனா அப்பவும் பந்து பேட்ல பட்டா பறந்துட்டுத்தான் இருந்துச்சு, வாக் (நாலு மோசமான பந்தை விட்டுட்டு சும்மாவே முதல் பேஸுக்குப் போறது) எடுத்துட்டுத்தான் இருந்தார், அடிச்ச பந்து ஃபீல்டர் கைக்கே போனா 60 மேட்ச்ல ஆவரேஜ் அடிவாங்கத்தான் செய்யும். வாஷிங்டன் 10 மில்லியன் குடுத்து எடுத்தாங்க, அடுத்த ஜூன்ல 18 மேட்ச்ல 16 ஹோம் ரன். அப்புறம் ஃபில்லிஸ், 2025ல 56 ஹோம் ரன், 33 வயசு முடியப்போற நேரத்துல மறுபடியும் அஞ்சு வருஷம் 150 மில்லியன்.

சீக்கிரமா நிலைக்கு வர்ற நம்பர்களை நம்பலாம், ஸ்ட்ரைக்கவுட், வாக், பந்தை எவ்ளோ வேகமா அடிக்கறார், பிட்சர்னா வேகம் குறையுதான்னு. பேட்டிங் ஆவரேஜ், ரிலீவரோட ஒரு வருஷ ஈஆர்ஏ, வின் கணக்கு இதெல்லாம் ஒரு சீசன்ல எப்படி வேணா ஆடும். ரிலீவர்களைப் பொறுத்தவரைக்கும் போன வருஷ ஹீரோ இந்த வருஷம் ஜீரோ ஆகறது சகஜம், அவங்களுக்கு பெரிய காண்ட்ராக்ட் குடுக்கறதுல எனக்கு எப்பவுமே ஒப்புதல் இல்ல.

காயமும் அப்படித்தான், எதனால சரிஞ்சார்னு பாக்கணும். கோடி பெல்லிஞ்சர் 2019 எம்விபி, அதாவது லீக்கோட சிறந்த ஆட்டக்காரர். 2020 பிளேஆஃப்ஸ்ல ஹோம் ரன் அடிச்சிட்டு வந்து சக ஆட்டக்காரர் கையோட கையை மோதி கொண்டாடினதுல தோள்பட்டை விலகிடுச்சு, ஆபரேஷன், அடுத்த வருஷம் .165, அதுக்கடுத்த வருஷம் .210. டாட்ஜர்ஸ் 2022ல விட்டாங்க. கப்ஸ் 17.5 மில்லியனுக்கு எடுத்தாங்க, .307, 26 ஹோம் ரன். ஆனா இதுல டாட்ஜர்ஸை நான் குறை சொல்ல மாட்டேன், ரெண்டு வருஷம் பொறுமையா பாத்துட்டுத்தான் விட்டாங்க, அவங்களுக்கு மாத்து ஆளும் இருந்தாங்க, அடுத்த சீசன்லயே 100 மேட்ச் ஜெயிச்சாங்க.

டேவிட் ஆர்டிஸை ஒரு டீம் சும்மா விட்டுச்சுன்னு சொல்றாங்களே, நெஜமா?

நெஜம். 2002ல மினசோட்டா ட்வின்ஸ். அந்த வருஷம் 20 ஹோம் ரன் அடிச்சிருந்தார், வயசு 27. பிரச்சனை மூணு. அடிக்கடி காயம். ஃபீல்டிங் சுமார், ஃபர்ஸ்ட் பேஸ் இல்லன்னா டிஎச் (பேட்டிங் மட்டும் பண்றவர்), அந்த மாதிரி ஆள் கடைல நிறைய கிடைப்பாங்கன்னு எல்லா டீமும் நினைக்கும். மூணாவது, ஆர்பிட்ரேஷன்ல சம்பளம் ஏறப் போகுது. ட்ரேட் பண்ணிப் பாத்தாங்க, எடுக்க ஆளில்ல. டிசம்பர் 16, ரூல் 5 டிராஃப்ட் அன்னிக்கே அவரை ரிலீஸ் பண்ணிட்டு, அந்த இடத்துல டிராஃப்ட்ல எடுத்த ஹோசே மொர்பான்ங்கற ஷார்ட்ஸ்டாப்பை வச்சாங்க.

மொர்பான் சீசன் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே வேவர்ல பால்டிமோர் போயிட்டார், அங்க ஒரு சீசன் பெரும்பாலும் பெஞ்ச்தான். ஆர்டிஸை ஜனவரில பாஸ்டன் 1.25 மில்லியனுக்கு எடுத்தாங்க. 2003ல 31 ஹோம் ரன், அப்புறம் 2004, 2007, 2013ன்னு மூணு வேர்ல்ட் சீரிஸ், 2022ல முதல் ஓட்டெடுப்புலயே ஹால் ஆஃப் ஃபேம்.

எல்லாரும் இதை 'ட்வின்ஸ் முட்டாள்'னு முடிச்சிடுவாங்க. கவனிச்சா அன்னிக்கு மத்த 29 டீமும் ஒரு சின்ன ட்ரேட்டுக்குக் கூட அவரைக் கேக்கல, பாஸ்டன் உட்பட. பாஸ்டனும் எடுத்த உடனே அவரை நட்சத்திரமா நினைக்கல, ஆரம்பத்துல பெஞ்ச்லதான் வச்சிருந்தாங்க. ட்வின்ஸோட தப்பு ஆர்டிஸை எடை போட்டதுல கம்மி, 27 வயசுல 20 ஹோம் ரன் அடிக்கற பேட்டுக்கும் பெஞ்ச்சை விட்டு மேல ஏறாத ஒரு ஷார்ட்ஸ்டாப்புக்கும் ஒரே இடத்தை மாத்திக்கிட்டதுலதான் முதலுக்கே மோசமாச்சு. லிஸ்ட்ல அவரை விட லேசான ஆள் வேற யாருமே இல்லையாங்கறதுதான் கேக்க வேண்டிய கேள்வி.

ஆர்பிட்ரேஷன் ஹியரிங் வரைக்கும் போகலாமா?

போகலாம், ஆனா அங்க டீமே தன்னோட பிளேயர் முன்னாடி உக்காந்து அவர் ஏன் அவ்ளோ நல்லவர் இல்லன்னு வாதாடணும். நடுவர்கள் ரெண்டு தொகைல ஒண்ணைத்தான் எடுப்பாங்க, நடுவுல பேரம் கிடையாது. 2023ல கார்பின் பர்ன்ஸ் 10.75 மில்லியன் கேட்டார், மில்வாக்கி 10.01ன்னு சொன்னாங்க, டீம் ஜெயிச்சுது. 2021ல சை யங் வாங்கின பிட்சர் கிட்ட முக்கால் மில்லியன் மிச்சம் பிடிச்சாங்க, உறவு கெட்டுப் போச்சுன்னு அவரே வெளிப்படையா பேசினார். அடுத்த வருஷம் பால்டிமோருக்கு ட்ரேட். எப்படியும் ட்ரேட் பண்ணித்தான் இருப்பாங்க, ஆனாலும் அந்தக் காசு அந்த மனக்கசப்புக்கு வொர்த் இல்ல.

குவாலிஃபையிங் ஆஃபர் யாருக்கு குடுக்கணும்?

ஃப்ரீ ஏஜென்ட் ஆகற நம்ம பிளேயருக்கு ஒரு வருஷ காண்ட்ராக்ட் நீட்டறது, தொகை அதிக சம்பளம் வாங்கற 125 பேரோட சராசரி. 2025ல 22.025 மில்லியன். அவர் வேணாம்னுட்டு வேற டீம் போனா நமக்கு டிராஃப்ட் பிக் (புதுப் பசங்களை எடுக்கற டிராஃப்ட்ல ஒரு வாய்ப்பு) ஒண்ணு கிடைக்கும். ஒரு பிளேயருக்கு வாழ்க்கையில ஒரு தடவைதான் குடுக்க முடியும். 'எப்படியும் வேணாம்னுடுவார், பிக் வந்துடும்'னு மட்டும் நினைச்சுக் குடுக்கக் கூடாது, ஒத்துக்கிட்டா 22 மில்லியன் குடுக்க சந்தோஷமா இருக்கணும். 2025ல நாலு பேர் ஒத்துக்கிட்டாங்க, மில்வாக்கியோட பிராண்டன் வுட்ரஃப் அதுல ஒருத்தர். சின்ன பட்ஜெட் டீமுக்கு அது பெரிய தொகை.

ஊரே கொண்டாடற ஹீரோவை விடலாமா?

விடலாம், சில சமயம் விட்டே ஆகணும். ஆல்பர்ட் பூஹோல்ஸ் செயின்ட் லூயிஸ்ல 11 சீசன், 445 ஹோம் ரன், .328 ஆவரேஜ், 2011ல வேர்ல்ட் சீரிஸ் ஜெயிச்ச கையோட ஏஞ்சல்ஸ் பத்து வருஷம் 240 மில்லியன்னு நீட்டினாங்க, போயிட்டார். ஊரே அழுதுச்சு. ஏஞ்சல்ஸ்ல .256, 2021 மே மாசம் அவங்களே ரிலீஸ் பண்ணிட்டாங்க, அவர் இருந்த காலத்துல அந்த டீம் பிளேஆஃப்ஸ் பாத்தது ஒரே தடவை. செயின்ட் லூயிஸுக்கு அவர் போனதுக்கு ஈடா வந்த பிக்ல மைக்கேல் வாக்கா கிடைச்சார், 2013ல அவர் என்எல்சிஎஸ் (வேர்ல்ட் சீரிஸுக்கு முந்தின சுற்று) எம்விபி ஆகி டீம் வேர்ல்ட் சீரிஸ் வரைக்கும் போச்சு. 32 வயசுக்கு மேல பத்து வருஷம்னா நீங்க வாங்கறது அவர் ஏற்கனவே அடிச்ச ஹோம் ரன்களை, அது வேற டீமுக்குப் போய்ச் சேர்ந்தது.

ஆனா எல்லாருக்கும் இது பொருந்தாது. ஆரன் ஜட்ஜ் 2022 சீசன் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி யாங்கீஸ் குடுத்த 213.5 மில்லியனை வேணாம்னுட்டு 62 ஹோம் ரன் அடிச்சார், டிசம்பர்ல 360 மில்லியன் குடுக்க வேண்டியதாச்சு. அவரை விட்டிருந்தா அந்த டீமே இல்ல. 2025 டிசம்பர்ல மெட்ஸ் பண்ணினதுதான் இப்போ சூடான சண்டை, டீம் வரலாத்துலயே அதிக ஹோம் ரன் அடிச்ச பீட் அலோன்சோவை பால்டிமோருக்கு விட்டாங்க, அஞ்சு வருஷம் 155 மில்லியன். அவருக்கு 2024லயே குவாலிஃபையிங் ஆஃபர் குடுத்தாச்சு, அதனால பிக்கும் கிடையாது. 31 வயசு ஃபர்ஸ்ட் பேஸ்மேனுக்கு அஞ்சு வருஷம் குடுக்காதது என் கணக்குல சரி, ஆனா மெட்ஸ் ரசிகர் ஒருத்தர் கிட்ட இதைச் சொல்லிட்டு வீடு திரும்ப முடியாது.

ஒரு வருஷம் மிச்சம் இருக்கும்போதே விக்கறது துரோகம் இல்லையா?

சின்ன பட்ஜெட் டீமுக்கு அதுதான் பொழப்பு. மில்வாக்கி 2024 டிசம்பர்ல க்ளோசர் (மேட்ச் கடைசில வந்து முடிச்சு வைக்கற பிட்சர்) டெவின் வில்லியம்ஸை யாங்கீஸுக்கு குடுத்துட்டு நெஸ்டர் கோர்டெஸையும் கேலப் டர்பினையும் வாங்கினாங்க. அதே ஆஃப்சீசன்ல ஷார்ட்ஸ்டாப் வில்லி அடாமெஸ் 182 மில்லியனுக்கு சான் ஃப்ரான்சிஸ்கோ போனார். ரெண்டு தூண் போச்சுன்னு எல்லாரும் கைவிட்டாங்க. 2025ல 97 மேட்ச் ஜெயிச்சு மொத்த லீக்லயே முதலிடம், டர்பின் தேர்ட் பேஸ்ல தினமும் ஆடினார், வில்லியம்ஸ் யாங்கீஸ்ல திணறினார்.

'ஆப்ஷன் இல்ல'ன்னு அடிக்கடி எழுதறாங்களே, அது என்ன?

40 பேர் லிஸ்ட்ல இருக்கற பிளேயரை மைனர் லீக்குக்கு இறக்க பொதுவா மூணு சீசன் அனுமதி. அது தீர்ந்துட்டா இறக்கறதுக்கு முன்னாடி வேவர்ல போடணும், வேற டீம் பதிலுக்கு ஆள் யாரையும் குடுக்காமலே எடுத்துக்கலாம். அதனால ரெண்டு பேர் சமமா இருந்தா ஆப்ஷன் இல்லாதவன் டீம்ல இருப்பான், இருக்கறவன் ட்ரிபிள் ஏ போவான், நல்லா ஆடினாலும். ரசிகர்கள் கொதிக்கற 'ஏன் அவனை இறக்கினாங்க'ல பாதிக்கு மேல பதில் இதுதான்.

பணக்கார டீம் எல்லாரையும் வச்சுக்கலாமே?

பணத்தை வச்சு 41வது இடம் வாங்க முடியாது. லக்ஷுரி டாக்ஸும் இருக்கு, 2026க்கு டீமோட மொத்தச் சம்பளம் 244 மில்லியன் தாண்டினா வரி, அடுத்தடுத்த வருஷமும் தாண்டினா சதவீதம் ஏறும். பணம் இருந்தா தப்பு பண்ணிட்டு தாங்கிக்கலாம், அவ்ளோதான் வசதி. டாட்ஜர்ஸோட மேக்ஸ் மன்சி கூட ஓக்லாந்து 2017 மார்ச் கடைசில விட்ட ஆளு, மைனர் லீக் காண்ட்ராக்ட்ல எடுத்தாங்க, அடுத்த வருஷம் 35 ஹோம் ரன். அதுக்கு பணமே தேவைப்படல.

என் டீமுக்கு நானே உக்காந்து கணக்கு போடணும்னா எங்க ஆரம்பிக்கறது?

40 பேர் பேரையும் எழுதுங்க. ஃப்ரீ ஏஜென்ட்டை அடிங்க, 60 நாள் லிஸ்ட்ல இருக்கறவங்களைச் சேருங்க. ஒவ்வொருத்தருக்கும் பக்கத்துல வயசு, சர்வீஸ், ஆப்ஷன், அடுத்த வருஷ உத்தேச சம்பளம். அப்புறம் மேலேர்ந்து பாக்காதீங்க, கீழேர்ந்து பாருங்க, கடைசி ஆறு பேரை மட்டும் ஒரு தாள்ல தனியா எழுதி, அவங்கள்ல யாரை வேவர்ல விட்டா ஒருத்தரும் எடுக்க மாட்டாங்கன்னு கேளுங்க. யாரும் எடுக்காத ஆளுன்னா பெரும்பாலும் அவரை இறக்கி மைனர் லீக்லயே வச்சுக்கலாம், பெருசா இழப்பு இல்ல. எடுக்கறதுக்கு மூக்கு வேர்த்து நிக்கற ஆளுன்னா முதல்ல ட்ரேட்டுக்கு பேசுங்க. பொசிஷனையும் மறக்காதீங்க, மூணு டிஎச் வச்சுக்கிட்டு ஒரே ஒரு கேட்ச்சரோட மார்ச் மாசம் முழிக்கற டீமும் உண்டு.

2026 ஆஃப்சீசன்லயும் இதே சட்டம்தானா?

பிளேயர் யூனியனுக்கும் லீக்குக்கும் உள்ள ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1ம் தேதி முடியுது. போன தடவை அப்படி முடிஞ்சப்போ 2021 டிசம்பர் 2லேர்ந்து 2022 மார்ச் 10 வரைக்கும் லாக்அவுட், யாரையும் வாங்கவும் முடியல, பேசவும் முடியல. நான்-டெண்டர் கெடுவையும் முன்னாடி இழுத்து நவம்பர் 30ன்னு வச்சாங்க, கடைசி ரெண்டு மூணு நாள்ல டீம்கள் அடிச்சிப் பிடிச்சு காண்ட்ராக்ட் போட்டாங்க. மறுபடி அப்படி ஆனா டிசம்பர் வரைக்கும் காத்திருக்கலாம்னு நினைக்கற டீம் மாட்டிக்கும், அதனால இந்த தடவை உங்க டீமோட லிஸ்ட்டை நவம்பர் முதல் வாரமே எடுத்து வச்சுக்கோங்க.